அப்பாவின் அரிதாரமும் என் முகப்பூச்சும்

நாற்பத்தாறு வயது வரையில் என் முகத்துக்கு நான் செய்துவந்த சேவை மிகவும் சுருக்கமானது. காலையில் குளிர்ந்த நீர். பிறகு ஒரு சிட்டிகை பவுடர். நெற்றியில் திருநீறு, அதன் கீழே ஒரு குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் மஞ்சள். இவற்றுக்கு மேல் ஒரு பெண்ணின் முகத்துக்கு வேறு என்ன வேண்டும் என்று வகுப்பிலே மாணவிகளைப் பெருமையோடு கேட்டவளும் நானேதான். அப்படிப்பட்டவள் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலையில், கண்ணிமைகளில் செம்பு நிறப் பொடியும் கன்னங்களில் குழாயிலிருந்து பிதுக்கிய களிம்புமாகக் கண்ணாடியின் முன் உட்கார்ந்திருந்தேன் என்றால், வாசகர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் ஹற்றனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டுக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்பினருக்கு இந்து நாகரிகம் கற்பித்து வருகிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் மங்கு படர்ந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது புதிய விஷயமன்று. இங்கே குளிர் அதிகம், ஆகையால் வெயில் இல்லை என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களின் வேகம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். உடம்பு குளிரால் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே முகம் வெயிலால் கருகிக்கொண்டிருக்கும். தலையில் முக்காடும் முதுகில் கூடையுமாக முப்பத்து நான்கு ஆண்டுகள் கொழுந்தெடுத்த என் தாயாரின் முகத்தைப் பார்த்தால் இந்த உண்மைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மங்கைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அது பொய். புகைப்படம் எடுக்கும் போதெல்லாம் பின்வரிசையில் போய் நிற்பேன். "டீச்சருக்கு எவ்வளவு அடக்கம்!" என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு பரிசளிப்பு விழாவில் பகுதித் தலைவி என்ற முறையில் நான் உரையாற்ற வேண்டும் என்று அதிபர் பணித்தார். முன் காலத்தில் மேடையில் பேசினால் மண்டபத்தில் இருப்பவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். இப்போதோ பேசி முடிப்பதற்குள் படம் முகநூலில் ஏறிவிடுகிறது. மஸ்கெலியாவில் இருப்பவரும் பார்க்கிறார், கனடாவில் இருப்பவரும் பார்க்கிறார். இந்தச் செய்தி எப்படியோ என் அக்காளின் மகளுக்கு எட்டிவிட்டது. அவள் கொழும்பில் வெள்ளவத்தையில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்பவள். மணப்பெண்களை அலங்கரிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமை பிற்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சித்தி, இந்தத் தடவை நான்தான் ஒங்களுக்கு மேக்கப் போடுவேன். மாட்டேன்னு சொல்லப்படாது. இன்னிக்கு ஒத்திகை. திங்கக்கிழமை நெசம்."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையை எடுத்துக்காட்டிக்கூடப் பேசினேன். மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே குளித்து, அடி முதல் முடி வரை அணி புனைந்துகொண்டாள். அவ்வளவும் செய்தும் கோவலன் பிரிந்து போய்விட்டான் என்றேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்தாள். உள்ளே சின்னஞ்சிறு குழிகளில் இருபது முப்பது நிறங்கள். செம்பு, காவி, கத்தரிப்பூ நிறம், மயில் கழுத்து நிறம். இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் எட்டிப் பார்த்தார்.

"அட, ஒங்கப்பாவோட அரிதாரப் பெட்டிடீ!" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முகம் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் என் தந்தையார். பகலிலே அவர் கவ்வாத்துக்காரர். மழையிலும் பனியிலும் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கத்தியால் தேயிலைச் செடிகளை வெட்டித் தட்டையாக்குவது அவர் தொழில். மாசி மாதம் வந்துவிட்டால் அவர் ரதிதேவி. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைப் பற்றி நகரத்து வாசகர்கள் சிலர் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு எங்கள் மக்கள் தமிழ்நாட்டிலிருந்து தோளில் சுமந்து கொண்டுவந்த செல்வங்களில் அதுவும் ஒன்று. மூன்றாம் பிறை கண்டு காமன் ஊன்றுவார்கள். பிறகு நாள்தோறும் இரவில் தப்பு முழங்கும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக் கண்ணால் எரிந்து போவதும், ரதி புலம்புவதும், பின்பு அவன் உயிர்த்தெழுவதும் கதை. ரதியாக வேடம் ஏற்பவர் ஆண்மகனே. அதற்காக அப்பா அருமையாக வளர்த்த மீசையை ஆண்டுக்கு ஒருமுறை மழித்துவிடுவார். மீசை இல்லாத அப்பாவைக் கண்டு நான் முதல்முறை வீரிட்டு அழுதேனாம்.

அவருடைய பெட்டி ஒரு பழைய பிஸ்கற் தகரம். அதற்குள் முத்துவெள்ளை ஒரு பொட்டலம், செந்தூள் ஒரு பொட்டலம், விளக்குக் கரியில் குழைத்த மை, காக்காப்பொன் தூள் ஒரு சிமிழ். அவ்வளவுதான். எங்கள் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கை நான் பிடித்துக்கொள்ள, அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொள்வார். முதலில் முகம் முழுவதும் தேங்காயெண்ணெய். பிறகு உள்ளங்கையில் முத்துவெள்ளையை எண்ணெய் விட்டுக் குழைத்து, அதிலே செந்தூள் ஒரு கிள்ளு சேர்த்து, ரோஜா நிறம் வருகிறதா என்று விளக்கில் காட்டிப் பார்ப்பார். நெற்றி, கன்னம், மோவாய் என்று தடவி, அப்புறம் கழுத்தின் பின்புறம், காது மடல், கைகள் என ஓரிடத்தையும் விடமாட்டார். "மொகத்தோட நிறுத்தினா பொய்யின்னு தெரிஞ்சுபோகும் புள்ள. கழுத்துக்கும் குடுக்கணும்" என்பார். கடைசியில் இமையின் மேல் காக்காப்பொன். கண்ணை மூடித் திறந்தால் விளக்கொளியில் மினுங்கும். எத்தனையோ கூத்துகளை, நாடகங்களைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். அந்த மினுக்கத்தை எங்கும் காணவில்லை.

விடிந்ததும் எண்ணெயும் பழந்துணியும் கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆறு மணிப் பிரட்டுக்கு ஓட வேண்டும். மை மட்டும் சுலபத்தில் போகாது. மைதீட்டிய கண்ணோடு பிரட்டுக் களத்தில் நிற்கும் கவ்வாத்துக்காரரைப் பார்த்து, "என்ன ரதி, புருசன் எரிஞ்சுபோன துக்கத்துல தூங்கலையா?" என்று கங்காணி கேலி செய்வாராம். அப்பா சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டுவாராம்.

அரிதாரம் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஆசிரியை என்ற பழக்கதோஷம். வேடத்துக்குப் பூசுவதை எல்லாம் அரிதாரம் என்கிறோம். ஆனால் அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் நிறத் தாதுப்பொருள், ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, நஞ்சு. செந்நிறத்துக்குப் பழங்காலத்தில் பயன்பட்ட சாதிலிங்கமோ பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பண்டை எகிப்தியர் கண்ணுக்குப் பூசிய பச்சை, செம்புத் தாதை அரைத்தது. கறுப்பு, ஈயத் தாதை அரைத்தது. அழகுக்காக மனிதன் பூசிக்கொள்ளாத நஞ்சு இல்லை போலும். அப்பாவின் முத்துவெள்ளை துத்தநாக ஒக்சைட்டு. அது அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. குழந்தைகளின் சிரங்குக் களிம்பிலும் சேர்ப்பார்கள்.

இனி என் நாற்காலிக்கு வருவோம்.

மருமகள் ஒரு ஸ்பொஞ்சை நீரில் நனைத்துப் பிழிந்தாள். குழாயிலிருந்து கொஞ்சம் பவுண்டேஷனைத் தன் புறங்கையில் எடுத்து, என் முகத்தில் புள்ளி புள்ளியாக வைத்துத் தட்டத் தொடங்கினாள். தேய்க்கக்கூடாதாம், தட்ட வேண்டுமாம். பாலாடையை முகத்தில் போர்த்தினாற்போல் இருந்தது. குளிர்ச்சியாகவும் இருந்தது, மூச்சு முட்டுவது போலவும் இருந்தது. "பேசாதீங்க சித்தி, கோடு விழுந்துரும்" என்றாள். வகுப்பில் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பிறகு கண்ணை மூடச் சொன்னாள். அணில் வாலைப் போன்ற சிறு தூரிகையால் இமையின் மேல் காவி நிறம், அதன் ஓரத்தில் கரும்பழுப்பு, நடுவிலே செம்பு. தூள் கன்னத்தில் உதிர்வது தெரிந்தது. கண்ணைத் திறந்தேன்.

கண்கள் நன்றாகத்தான் இருந்தன. வயதும் உறக்கமின்மையும் சேர்ந்து உள்ளே தள்ளியிருந்த இமைகளுக்கு ஏதோ உயிர் வந்தாற்போல் இருந்தது. ஆனால் முகம்? மங்கு மறைந்துவிட்டது, உண்மை. அதோடு நானும் மறைந்துவிட்டேன். கன்னங்கள் சாம்பல் பூத்த வெண்மையாக இருந்தன. மோவாய் எலும்போடு அந்த வெண்மை நின்றுவிட, அதற்குக் கீழே என்னுடைய பழைய கழுத்து தன் பாட்டுக்கு இருந்தது. முகம் கொழும்பிலும் கழுத்து ஹற்றனிலும் இருப்பது போன்ற ஒரு காட்சி.

"கல்யாணப் பொண்ணுங்களுக்கு ரெண்டு படி வெளுப்பாத்தான் போடச் சொல்லுவாங்க. அந்தப் பழக்கத்துல இதக் கொண்டாந்துட்டேன்" என்று மருமகள் தயங்கினாள்.

"கழுத்துக்கும் குடுக்கணும்னு ஒங்க தாத்தா சொல்லுவாரு" என்று அம்மா இஸ்தோப்பிலிருந்து குரல் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் "டீச்சர்!" என்று ஒரு குரல் கேட்டது.

வந்தவள் என் உயர்தர வகுப்பு மாணவி. விழாவில் வரவேற்புரை சொல்லப் போகிறவள். உரையைத் திருத்தி வாங்கிப் போக வந்திருந்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல கறுப்பு, களையான முகம், கணீரென்ற குரல். தாயார் கொழுந்தெடுப்பவர். ஓர் ஆறு மாதமாக அந்த முகத்தில் மாற்றம் கண்டேன். முதலில் வெளுத்தது. பிறகு கன்னங்கள் சிவந்து தோல் உரிந்தது. வெயிலில் நின்றால் எரிகிறது என்று காலைக் கூட்டத்திலிருந்து ஒதுங்கத் தொடங்கினாள். விசாரித்ததில், பெயரும் விலாசமும் அச்சிடாத ஒரு சிறு டப்பியில் வந்த கிறீமைத் தினமும் பூசுகிறாள் என்று தெரிந்தது. யார் செய்தது, எந்த நாட்டில் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்தும் அதில் இல்லை.

இத்தகைய திருட்டுக் கிறீம்கள் பலவற்றில் பாதரச உப்பு கலக்கப்படுகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளை உடம்பு உண்டாக்கவொட்டாமல் பாதரசம் தடுத்துவிடும். ஆகவே சில வாரங்களில் வெளுப்புத் தெரியும். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்புகளைத் தாக்கும். பூசுகிறவரோடு போகாது, தலையணை, துவாய் வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். யப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில், தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசத்தை உண்ட மீன்களைத் தின்று மக்கள் முடமானார்கள்; அந்த நோய் 1956இல் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயராலேயே 2013இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்யப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. முகப்பூச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருந்தால், 2020க்குப் பிறகு அதை உற்பத்தி செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்பது 2013இல் செய்தபடி அதில் கண்ட விதிகளுள் ஒன்றாக இருந்தது. விதி இருக்கிறது, டப்பியும் வந்துகொண்டே இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் அவளுக்கு நான் சொல்லியிருந்தேன். தனியாக அழைத்தும் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லாமல் வகுப்பிலும் சொன்னேன். கருவறையில் இருப்பது கருங்கல் மூர்த்தி. பாலாலும் சந்தனத்தாலும் எவ்வளவு அபிஷேகம் செய்தாலும் கடைசியில் நீர் வார்க்கும்போது அந்தக் கறுப்பு மேனி வெளிப்படுகிறதே, அப்போதுதானே கைகூப்புகிறோம் என்றேன். மதுரையிலே மீனாட்சி பச்சை, கண்ணன் கார்வண்ணன், காளி கறுப்பு என்று அடுக்கினேன். பிள்ளைகள் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பரீட்சைக்கு வரும் என்று நினைத்திருப்பார்கள்! டப்பியை மட்டும் அவள் கொண்டுவந்து காட்டவேயில்லை.

இப்போது அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஓடி ஒளிவதற்கு என் வீடு அவ்வளவு பெரியதன்று.

"டீச்சர்... வெள்ளையா இருக்கீங்க" என்றாள். பிறகு, மிகுந்த மரியாதையோடு, "இது என்ன கிறீம் டீச்சர்?" என்று கேட்டாள்.

கேலி இல்லை அந்தக் குரலில். கேலியாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. ஆறு மாதமாக நான் செய்த பிரசங்கம், மூர்த்தி, மீனாட்சி, மினமாட்டா எல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்து போயின. "இது கிறீம் இல்லை, வெறும் சாயம். கழுவினால் போய்விடும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அசிங்கமாக ஒலித்தது. அவளுடைய டப்பி நஞ்சு, என்னுடைய குழாய் நஞ்சில்லை என்பது இரசாயனப்படி சரி. ஆனால் அவள் எதற்காகப் பூசினாளோ, அதற்காகத்தானே நானும் உட்கார்ந்திருந்தேன்? மங்கை மறைக்க என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணாடியில் அந்த வெளுப்பை முதலில் பார்த்தபோது, சாம்பலாகத் தெரிவதற்கு முன்னால் ஒரு கணம், பரவாயில்லையே என்று என் மனம் எண்ணியதை நான் அல்லவோ அறிவேன்!

அம்மாதான் நிலைமையைக் காப்பாற்றினார். "வா தாயி, உள்ள வந்து குந்து. தேத்தண்ணி குடி" என்று அவளை அழைத்துவந்து முக்காலியில் உட்கார வைத்தார். பிறகு என்னிடம் தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் ஒரு பழந்துணியையும் நீட்டினார். நான் கேட்கவில்லை, அவரே எடுத்துவந்தார். அந்தப் பிள்ளையின் முன்னாலேயே நான் எண்ணெயைத் தடவித் துடைத்தேன். துணியில் வெள்ளையும் செம்பும் கறுப்பும் இறங்கின. கன்னத்து மங்கு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவள் அதற்கு முன் என் மங்கை அவ்வளவு அருகில் பார்த்திருக்க மாட்டாள்.

"டீச்சருக்கும் இருக்கா?" என்றாள்.

"இருக்கிறது. பதினைந்து வருஷமாக இருக்கிறது."

அம்மா அப்பாவின் கதையைச் சொல்லத் தொடங்கினார். தகரப் பெட்டி, மழித்த மீசை, கங்காணியின் கேலி. அந்தப் பிள்ளை சிரித்தாள். சிரித்தபோது கன்னத்தில் உரிந்த தோல் வலித்திருக்க வேண்டும், கையால் பொத்திக்கொண்டாள்.

மருமகள் மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. தொழிற்பெருமை! ஹற்றனில் இரண்டு கடைகளுக்கு அன்றைக்கே போய் வந்தாள். ஒரு கடையில் மூன்று நிறங்கள் இருந்தனவாம். மூன்றிலும் கருமையானது என்னைவிட வெளுப்பு. மற்றொரு கடையில் இரண்டு. உலகத்திலே கறுத்த பெண்கள் இல்லையென்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் ரிஹானா என்னும் பாடகி தம் பெயர் விளங்கும் நிறுவனத்தில் ஒரே நாளில் நாற்பது நிறப் பவுண்டேஷன்களை வெளியிட்டபோது, கறுப்பு நிறங்கள்தான் முந்திக்கொண்டு விற்றுத் தீர்ந்தன என்று அவள் சொன்னாள். இந்தியாவில் 1975 முதல் விற்றுவந்த ஒரு பெயர்பெற்ற கிறீமும் 2020இல் தன் பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டது. பெயர் மாறிவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"இருங்க சித்தி, நானே கலக்கிப் பாக்குறேன்" என்று சொல்லித் தன்னிடமிருந்த பவுண்டேஷனில் கண்ணுக்குப் பூசும் பெட்டியிலிருந்து காவியையும் பழுப்பையும் சுரண்டிப் போட்டு, ஒரு தட்டில் குழைத்தாள். ஒரு கிள்ளு போடுவாள், என் கழுத்தில் தடவி விளக்கில் காட்டிப் பார்ப்பாள். மறுபடி ஒரு கிள்ளு. அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாணவி கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் களிம்புகளின் உட்பொருளைப் பின்னர் படித்துப் பார்த்தேன். மூடி மறைக்கும் வெண்மையைக் கொடுப்பது டைட்டேனியம் டைஒக்சைட்டு. அது இல்மனைற்று மணலிலிருந்து எடுக்கப்படுவது. அந்த மணல் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? திருகோணமலைக்கு வடக்கே நமது புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பாகக் குவிந்து கிடக்கிறது. கப்பலேறி வெளிநாடு போகிறது. கறுப்பு மணலாகப் போவது அங்கே வெள்ளைப் பொடியாக மாறுவதை எண்ணினால் வேடிக்கையாக இருக்கிறது. தோலின் நிறத்தைக் கொடுப்பவை மூன்று இரும்பு ஒக்சைட்டுகள்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு. துரு என்று தமிழில் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். மங்கு உள்ளவர்களுக்கு இந்த இரும்பு நிறங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுத்து உதவுகின்றன என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். என் பூச்சுக்கு ஒரு நியாயம் கிடைத்ததென்று மகிழ்ந்தேன். இமையில் மினுங்குவதோ மைக்கா. அதாவது அப்பாவின் காக்காப்பொன்னேதான்! இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்துக் காடுகளில் சிறு பிள்ளைகள் எலி வளை போன்ற குழிகளுக்குள் இறங்கி அதைச் சுரண்டி எடுப்பதும், குழி சரிந்து மடிவதும் 2016இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வாங்கும் நிறுவனங்கள் கூடி ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அதைப் படித்த பிறகு அந்த மினுக்கத்தைப் பழைய கண்ணால் பார்க்க என்னால் முடியவில்லை.

நாடகத்துக்கான பூச்சுத்தான் வீட்டுக்கு வந்தது என்பதும் படித்ததில் தெரிந்த சங்கதி. போலந்தில் பிறந்து அமெரிக்கா போன மாக்ஸ் ஃபாக்டர் என்பவர் முதலில் மேடை நடிகர்களுக்குச் சாயம் செய்தவர். 1930களின் பிற்பகுதியில் வண்ணத் திரைப்படங்கள் வந்தபோது பழைய களிம்பு முகத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுத்தது. ஆகவே அவருடைய நிறுவனம் ஈரப் பஞ்சால் பூசும் மெல்லிய பூச்சு ஒன்றைச் செய்தது. படப்பிடிப்பு முடிந்ததும் நடிகைகள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். அதிலிருந்து பிறந்தது கடை வியாபாரம். ஆக, ரதிக்கும் எனக்கும் இடையே உள்ள தூரம் நான் நினைத்த அளவுக்குப் பெரியதன்று.

கலவை சரியாக அமைய எட்டு மணி ஆகிவிட்டது. இந்தத் தடவை முகமும் கழுத்தும் ஒன்றாக இருந்தன. மங்கு முழுவதும் மறையவில்லை, மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் இருந்தவள் எனக்குத் தெரிந்தவள். இரண்டாவது பிள்ளை பிறப்பதற்கு முன் பேராதனைக்கும் ஹற்றனுக்கும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தவள். மகிழ்ந்தேன். அதை மறைக்க மாட்டேன். கறுப்பு அப்படியே இருந்தது. களைப்பு மட்டும் போயிருந்தது.

"இந்தக் கொழாய் என்ன வெல?" என்று அம்மா கேட்டார்.

"நாலாயிரத்து இருநூறு பாட்டி."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயமானபோது அதைக் கேட்டு அழுதவர் அவர். அவர் வேலையை விட்டு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சம்பளம் அது. விரலை மடித்துக் கணக்குப் போட்டுவிட்டு, "நாலு நாள் கொழுந்து" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்லும்போது அவருக்குத் தெரிந்த நாணயம் அதுதான். மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த டப்பி முந்நூறு ரூபாய் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை விழா நடந்தது. முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். என்ன மாற்றம் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, "நல்லாத் தூங்கினீங்களோ?" என்று ஓர் ஆசிரியை மட்டும் கேட்டார். மருமகளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை என்று அவளே சொன்னாள். வரவேற்புரை சொன்ன பிள்ளையின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போயிற்று. முகத்தில் ஒன்றும் பூசவில்லை. உரிந்த கன்னத்தோடேயே நின்று சொன்னாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் என் மேசைமேல், கொப்பித் தாளில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். டப்பி. பாதி காலியாகியிருந்தது. அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். வைத்தியர் டப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். கிறீமை நிறுத்தியதும் முகம் முன்னிலும் கறுப்பாகும், பயப்படக் கூடாது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார். தாயார் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பரிசோதனையில் சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை என்று தெரிந்தபோது, அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தெடுத்துக் கொழுந்தெடுத்துக் கறையேறிய விரல்கள். எந்த எண்ணெய்க்கும் போகாத கறை அது.

வைத்தியர் சொன்னபடியே முகம் கறுத்தது. திட்டுத் திட்டாகக் கறுத்தது. அவள் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. லயத்துக்கே போய் அழைத்துவந்தேன். இப்போது தொப்பி போட்டுக்கொண்டு வருகிறாள். திட்டுகள் இன்னும் முழுவதும் மறையவில்லை.

சென்ற மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேசைக்கருகில் வந்து நின்றாள். பரீட்சை முடிந்ததும் ஹற்றனில் ஒரு கடையில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டீச்சர், அக்கா அன்னிக்குக் கலந்தாங்களே, அந்தக் கலரு... அது என்ன நம்பரு, எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள்.

அவளுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, குழாயின் இலக்கத்தையும், காவி ஒரு கிள்ளு, பழுப்பு இரண்டு கிள்ளு என்பதையும் எழுதிக் கொடுத்தேன். கீழே, கழுத்துக்கும் போட வேண்டும் என்று எழுதினேன்.